ஃபுல் பேக்கப் என்றால் எது ஃபுல்? லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு ஒரு எளிய விளக்கம்

"ஃபுல் பேக்கப் இருக்கு சார், ஒண்ணும் கவலையில்ல." வேலூரில் லினக்ஸ் போட்ட கணினி பழுதாகிக் கடைக்கு வரும்போது இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். கொஞ்சம் விசாரித்தால் விஷயம் வேறாக இருக்கும். ஆற்காடு ரோட்டில் லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவருக்கு அது பென்டிரைவில் இழுத்துப் போட்ட ஹோம் போல்டர். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி அலுவலகத்தில் அது டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள். கல்லூரி விடுதியில் இருக்கும் பையனுக்கு அது கூகுள் டிரைவ். மூன்றும் நல்ல பழக்கம்தான். ஆனால் நாளைக்கே ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால், புது டிஸ்க்கை மாட்டி, நேற்று விட்ட இடத்திலிருந்து கணினியை எழுப்பிவிட இவற்றில் எதுவும் தனியாகப் போதாது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. பேக்கப் மென்பொருளில் ஹோம் போல்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'மொத்த சிஸ்டம்' என்று ஒரு டிக் பாக்ஸ் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்பதில் தப்பில்லை. டிக் பாக்ஸ் வைப்பது சின்ன வேலை, அதற்குப் பின்னால் நிற்பதுதான் பெரிய வேலை. அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப் போகிறோம். கமாண்டு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

## சாமானும் வீடும்

சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடி காந்தி நகருக்கு வீடு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டி யானையில் பீரோ, கட்டில், கிரைண்டர், சாமி படம் எல்லாம் ஏற்றியாயிற்று. ஹோம் போல்டர் பேக்கப் என்பது இதுதான். சாமான் அத்தனையும் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆனால் இறக்கி வைக்க அங்கே ஒரு வீடு ஏற்கெனவே கட்டி நிற்க வேண்டும்.

அதே சத்துவாச்சாரி வீட்டையே சுவர், ஒயரிங், குழாய், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்ற கணக்கு, ஈபி மீட்டர், கதவு எண் உட்படக் காந்தி நகர் மனையில் அப்படியே நிறுத்திக் காட்டு என்றால்? அதற்குக் குட்டி யானை இன்னும் இரண்டு நடை அடித்தால் போதாது, வேலையே வேறு. முழு சிஸ்டம் பேக்கப் என்று நாம் கேட்பது இந்த இரண்டாவது வேலையை.

## ஹோமுக்கு வெளியே என்னதான் இருக்கிறது?

லினக்ஸில் உங்கள் ஆவணம், படம், பிரவுசர் புக்மார்க், டெஸ்க்டாப் அமைப்பு எல்லாம் ஹோம் என்ற அடைவுக்குள் உங்கள் பெயரில் இருக்கும். அடைவு என்பது போல்டர்தான். அது போக மீதி எல்லாம் வெளியே.

நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். பிரிண்டர்களைச் சேர்த்து, எந்தத் தாள் எந்த ட்ரேயில் என்று சரிசெய்து வைத்த விவரம் ஹோமில் இல்லை. ஈடிசி என்ற அடைவுக்குள், கப்ஸ் என்ற அச்சுச் சேவையின் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டும் பெரும்பாலும் ஈடிசிக்குள்தான், ரூட் மட்டும் படிக்கும்படி. ரூட் என்பவர் கணினியில் எதையும் செய்யும் உரிமை உள்ள நிர்வாகப் பயனர். பில் போடும் மென்பொருள் மரியாடிபி தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால், வரவு செலவு முழுவதும் வார் என்ற அடைவுக்குள் கிடக்கும். ஹோமை மட்டும் பேக்கப் எடுத்த கடைக்காரர் டிஸ்க் போன பிறகு திறந்து பார்த்தால், பெண்ணின் கல்யாண போட்டோ இருக்கும், இரண்டு வருட பில் இருக்காது.

ஹோமுக்கு உள்ளேயும் ஒரு சங்கதி உண்டு. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் பலர் பயன்படுத்தும் டேஜா டூப் என்ற பேக்கப் மென்பொருள் ஹோமைத்தான் எடுக்கும். அதிலும் முன்னிருப்பாக டவுன்லோட்ஸ் போல்டரையும் குப்பைத் தொட்டியையும் விட்டுவிடும். வாட்ஸப் வெபில் வந்த கஸ்டமர் கோப்பு எல்லாம் டவுன்லோட்ஸில்தானே கிடக்கிறது நம் ஊர்க் கடைகளில்! அமைப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதுவரை பார்த்தது: உங்கள் சொந்தக் கோப்பு ஹோமில். கணினியின் அமைப்பு, சேவைகளின் தரவு, நிறுவிய மென்பொருள் எல்லாம் வெளியே. ஹோம் பேக்கப் முதலாவதை மட்டும் காக்கிறது.

## ஒரே பெயரில் நான்கு வேலைகள்

பேக்கப் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான்காகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கூகுள் டிரைவ் மாதிரியானது ஒத்திசைவு, அதாவது சிங்க். இங்கே மாற்றினால் அங்கேயும் மாறும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் தங்கும், அவ்வளவுதான். இதைப் பேக்கப் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

கோப்பு பேக்கப் என்பது தேர்ந்தெடுத்த அடைவுகளைத் தேதி வாரியாக வேறு டிஸ்க்கில் சேர்த்து வைப்பது. டேஜா டூப், பீக்கா பேக்கப், பேக் இன் டைம் எல்லாம் இந்த ரகம். போன வாரத்துக் கோப்பு வேண்டுமென்றால் போன வாரத்திலிருந்து எடுக்கலாம்.

ஸ்னாப்ஷாட் என்பது சிஸ்டத்தின் ஒரு நேரத்து நிலையைப் பதித்து வைப்பது. அப்டேட் போட்டுத் திரை கறுப்பாகிவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப வைக்கும். டைம்ஷிஃப்ட் இதைச் செய்கிறது. லினக்ஸ் மின்ட் குழுதான் இப்போது அதைப் பராமரிக்கிறது. கவனிக்க வேண்டியது இரண்டு. முன்னிருப்பாக அது ஹோமில் உள்ள உங்கள் கோப்புகளைத் தொடாது, அதாவது டேஜா டூப்புக்கு நேர் எதிர். அப்புறம், பிடிஆர்எஃப்எஸ் என்ற டிஸ்க் அமைப்பின் முறையில் வைத்தால் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் அதுவும் போச்சு. மே மாத வேலூர் வெயிலில், அடிக்கடி கரண்ட் போய் வரும் கடையில், பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பி இதை மட்டும் வைத்திருப்பது தைரியமான காரியம்.

நான்காவது இமேஜ். கோப்பு கோப்பாகப் பார்க்காமல், டிஸ்க்கின் பகிர்வுகளை அப்படியே ஒரு பதிவாக எடுப்பது. டிஸ்க்கை அறை அறையாகப் பிரித்து வைப்பதைத்தான் பகிர்வு என்கிறோம். க்ளோன்ஸில்லா இதற்குப் பேர் போனது. தைவான் நாட்டின் உயர்திறன் கணினி மையம் உருவாக்கிய இலவச மென்பொருள். கணினியை அணைத்து, க்ளோன்ஸில்லா பென்டிரைவிலிருந்து துவக்கி எடுக்க வேண்டும்.

## நகலெடுத்தால் போதாதா?

சரி, ஈடிசி, வார், நிறுவிய மென்பொருள்கள் இருக்கும் யூஎஸ்ஆர் என்று எல்லா அடைவையும் ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி பேஸ்ட் செய்துவிட்டால்?

முதல் சிக்கல், கோப்பு என்பது உள்ளடக்கம் மட்டும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்ற அனுமதி உண்டு. கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும். இந்த இரண்டுக்கும் லினக்ஸ் அனுமதிகள் என்றால் என்னவென்றே தெரியாது. அதில் போட்ட உடனே அந்த விவரம் உதிர்ந்துவிடும். பிறகு திரும்ப எடுத்து வைத்தால் கோப்பு இருக்கும், கணினி வேலை செய்யாது. சூடோ என்ற நிர்வாகக் கட்டளை ரூட்டின் பெயரில், ஒரு தனி அனுமதியோடு இருந்தால்தான் ஓடும். அந்த அடையாளம் இல்லையென்றால் ஓட மறுத்துவிடும். வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் சாவிக் கோப்பும் அப்படித்தான், எல்லோரும் படிக்கும்படி இருந்தால் 'அனுமதி ரொம்பத் தாராளம்' என்று சொல்லி அதைச் சீண்டாது. ஃபேட்32 இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்கவும் முடியாது. அதனால் இந்த வேலைக்கு வாங்கும் வெளி டிஸ்க்கை எக்ஸ்ட்4 மாதிரி லினக்ஸ் அமைப்பில் ஃபார்மட் செய்துகொள்வது நல்லது. விண்டோஸில் அது நேரடியாகத் திறக்காது, அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

உரிமையாளர் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். லினக்ஸ் உங்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, எண்ணால் காண்கிறது. உபுண்டு, மின்ட் போன்றவற்றில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000. ரூட்டுக்கு 0. அண்ணன் கணினியில் எடுத்த பேக்கப்பைத் தம்பி கணினியில் விரித்தால், அங்கே 1000 தம்பியாக இருந்தால், எல்லாக் கோப்பும் தம்பி பெயருக்குப் பட்டா மாறிவிடும்.

இரண்டாவது சிக்கல் வேடிக்கையானது. லினக்ஸில் கோப்பு மாதிரி தெரியும் எல்லாமே கோப்பு இல்லை. ப்ராக், சிஸ், டெவ், ரன் என்று சில அடைவுகள் டிஸ்க்கிலேயே கிடையாது. கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், நினைவகத்தில் இருந்தபடி அவ்வப்போது காட்டும் தோற்றம் அவை. ப்ராக் அடைவுக்குள் கேகோர் என்று ஒரு கோப்பு இருக்கும். சாதாரண 64 பிட் கணினியில் அதன் அளவைக் கேட்டால் 128 டிபி என்று காட்டும். உங்கள் டிஸ்க்கோ 500 ஜிபி. விவரம் தெரியாத ஒரு மென்பொருள் அதையும் நகலெடுக்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க்கும் அதே மரத்தில் ஓர் அடைவாகத்தான் தொங்குகிறது. அதை விலக்காவிட்டால் பேக்கப் தன்னையே பேக்கப் எடுக்க ஆரம்பிக்கும். எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்ற பட்டியலில்தான் இந்த மென்பொருள்களின் சாமர்த்தியம் இருக்கிறது.

மூன்றாவது, சிஸ்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் கோப்பை எடுத்ததற்கும் கடைசிக் கோப்பை எடுத்ததற்கும் நடுவே கடையில் பத்து பில் போட்டிருப்பார்கள். தரவுத்தளத்தின் பாதி பழைய நிலையில், பாதி புதிய நிலையில் பேக்கப்பில் சேரும். அப்படிப்பட்ட நகல் திறக்காமலே போகலாம். அதனால் தரவுத்தளத்தை அதற்குரிய டம்ப் கட்டளையால் தனியே ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைப் பேக்கப்பில் சேர்ப்பதுதான் வழக்கம்.

இதுவரை பார்த்தது: அனுமதியும் உரிமையும் கெடாமல், பொய்க் கோப்புகளைத் தவிர்த்து, ஓடும் தரவை ஒரே நிலையில் பிடித்தால்தான் நகல் உருப்படியாகும். இது எடுக்கும் பக்கம். திரும்ப வைக்கும் பக்கம் இன்னும் பாக்கி.

## கணினி எப்படி எழுகிறது

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ என்ற சிறு மென்பொருள் முதலில் விழிக்கிறது. அது டிஸ்க்கில் ஈஎஃப்ஐ பகிர்வு என்ற சின்னப் பகுதியைத் தேடி, அங்கே உள்ள பூட்லோடரை ஓட்டுகிறது. லினக்ஸில் பெரும்பாலும் அது க்ரப். க்ரப் கெர்னலை ஏற்றுகிறது. கெர்னல் உங்கள் முதன்மைப் பகிர்வைக் கண்டுபிடித்து மற்றதைத் தொடங்குகிறது.

இந்தச் சங்கிலியில் மூன்று கண்ணி உங்கள் கோப்புகளுக்கு வெளியே இருக்கிறது. ஈஎஃப்ஐ பகிர்வு தனி அறை, அதுவும் ஃபேட் அமைப்பு. முதன்மைப் பகிர்வை மட்டும் எடுத்தால் அது வராது. எந்தப் பூட்லோடரை ஓட்ட வேண்டும் என்ற பதிவு டிஸ்க்கிலேயே இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. வேறு கணினியில் டிஸ்க்கை மாட்டினால் அந்தப் பதிவு அங்கே இருக்காது. மூன்றாவது யூயூஐடி. ஒவ்வொரு பகிர்வையும் ஃபார்மட் செய்யும்போது அதற்குக் கொடுக்கப்படும் தனி அடையாள எண் அது. எக்ஸ்ட்4 பகிர்வில் 32 இலக்கம், நடுநடுவே கோடு. துவங்கும்போது எந்தப் பகிர்வை எங்கே இணைப்பது என்று ஈடிசிக்குள் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இந்த எண்களால்தான் எழுதியிருக்கும். க்ரப்பின் அமைப்பிலும் அதே எண்.

இப்போது புது எஸ்எஸ்டி வாங்கி, ஃபார்மட் செய்து, பேக்கப்பில் இருந்த எல்லாக் கோப்பையும் பிசகில்லாமல் எடுத்து வைத்தீர்கள். புது டிஸ்க்குக்குப் புது யூயூஐடி. உள்ளே எஃப்எஸ்டேப்பில் எழுதியிருப்பதோ செத்துப்போன டிஸ்க்கின் எண். முதன்மைப் பகிர்வு கிடைக்கவில்லை என்றால் கறுப்புத் திரையில், இந்த யூயூஐடி இல்லை என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். வேறு பகிர்வு கிடைக்கவில்லை என்றால் ஒன்றரை நிமிடம் காத்திருந்து அவசர நிலைக்குப் போகும். பேக்கப் எடுத்த கோப்பில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை, ஆனாலும் கணினி எழாது. இதைச் சரிசெய்ய எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டும். தெரிந்தவர்க்குக் கால்மணி நேர வேலை. தெரியாதவர் அங்கேயே உட்கார்ந்து பேக்கப்பே கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்.

## அந்த டிக் பாக்ஸ் ஏன் வரவில்லை

இப்போது தொடக்கத்தில் வந்த டிக் பாக்ஸ் கேள்விக்குத் திரும்புவோம். டெஸ்க்டாப் பேக்கப் மென்பொருள் உங்கள் பெயரில் ஓடுகிறது, ரூட்டின் பெயரில் ஓடுவதில்லை. ஈடிசிக்குள் சில கோப்புகளை அதனால் திறந்து படிக்கக்கூட முடியாது. மொத்த மென்பொருளையும் ரூட்டாக ஓட்டிவிடலாமா என்றால், பட்டன், மெனு, இணைய இணைப்பு எல்லாம் சேர்ந்த ஒன்றுக்கு அத்தனை அதிகாரம் கொடுப்பது பாதுகாப்புக்கு ஆகாது. வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பில் அது சுலபமும் இல்லை. ஒழுங்கான வழி, படிக்கும் வேலையை மட்டும் செய்ய ஒரு சின்ன உதவி நிரலை ரூட் உரிமையோடு தனியே வைத்து, முகப்பு பாஸ்வேர்டு கேட்டு அதனோடு பேசுவது. இதற்கு மென்பொருளின் கட்டமைப்பையே பிரித்துக் கட்ட வேண்டும்.

ஃப்ளாட்பேக் வழியாக வந்தால் இன்னும் ஒரு வேலி. ஃப்ளாட்பேக் என்பது செயலியை மற்றதிலிருந்து பிரித்து ஒரு கூண்டுக்குள் வைத்துத் தரும் முறை. அந்தக் கூண்டுக்குள்ளிருந்து யூஎஸ்ஆர் அடைவைப் பார்த்தால் கூண்டின் யூஎஸ்ஆர்தான் தெரியும், உங்கள் கணினியுடையது தெரியாது. அதை அப்படியே பேக்கப் எடுத்தால் யாருடைய சிஸ்டத்தையோ எடுத்த கதைதான்.

எடுப்பதை எப்படியோ சமாளித்தாலும் திரும்ப வைப்பதுதான் மலை. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் மேலேயே அதன் பழைய வடிவத்தை எழுதினால் நடுவில் எது உடையும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கே புதிது என்றால் அந்த மென்பொருளை ஓட்டவே இடமில்லை. ஆகவே லைவ் யுஎஸ்பி ஒன்றிலிருந்து, அதாவது டிஸ்க்கில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவிலிருந்து துவக்கி, பகிர்வு பிரித்து, கோப்புகளை வைத்து, யூயூஐடி திருத்தி, பூட்லோடர் நிறுவும் இன்னொரு மென்பொருள் தேவை. பயாஸ் என்ற பழைய துவக்க முறை, யூஇஎஃப்ஐ, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்த டிஸ்க், விண்டோஸோடு பகிர்ந்த டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் அது வேறு வேறாக நடக்க வேண்டும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரிக் கணினியில் லினக்ஸைத் திரும்ப வைக்கிறேன் என்று ஈஎஃப்ஐ பகிர்வில் கை வைத்தால் விண்டோஸ் எழாமல் போகலாம்.

இதையெல்லாம் முடிக்காமல் டிக் பாக்ஸை மட்டும் சேர்த்தால் அது வாக்குக் கொடுத்துக் கைவிடுகிற வேலை. டேஜா டூப் 'முழு சிஸ்டம் எங்கள் வேலை இல்லை' என்று ஒதுங்கி நிற்பதைச் சோம்பல் என்று பலர் திட்டுகிறார்கள். என் கணக்கில் அது நாணயம்.

## அப்போது நாம் என்ன செய்வது?

வீட்டுக் கணினி, மாணவர் மடிக்கணினி என்றால் முழு சிஸ்டம் பேக்கப் அவசியமே இல்லை என்பேன். லினக்ஸைப் புதிதாக நிறுவ அதிக நேரம் ஆகாது, மென்பொருள்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹோமுக்கு வெளி டிஸ்க்கில் கோப்பு பேக்கப், கெட்ட அப்டேட்டிலிருந்து மீள டைம்ஷிஃப்ட், நிறுவிய மென்பொருள்களின் பட்டியல் ஒரு கோப்பில், ஈடிசி அடைவின் நகல் ஒன்று. இவ்வளவு போதும்.

ஜெராக்ஸ் கடை, லாட்ஜ் ரிசப்ஷன், பில் போடும் கணினி இவற்றின் கதை வேறு. அங்கே இரண்டு மணி நேரம் கணினி நின்றால் வாசலில் ஆள் நிற்பார்கள். எல்லாம் சரியாக அமைத்து முடித்த அன்று க்ளோன்ஸில்லாவால் ஓர் இமேஜ் எடுத்து வையுங்கள். பெரிய மாற்றம் செய்தால் மறுபடி ஒன்று. தினமும் மாறும் தரவுக்குக் கோப்பு பேக்கப்பும் தரவுத்தள டம்ப்பும். இமேஜ் வீட்டை நிறுத்தும், கோப்பு பேக்கப் நேற்று வரைக்குமான சாமானைக் கொண்டுவரும்.

க்ளோன்ஸில்லாவில் ஒரு பொறி. எந்த டிஸ்க்கிலிருந்து எடுத்தோமோ அதே அளவு அல்லது பெரிய டிஸ்க்கைத்தான் முன்னிருப்பாக ஏற்கும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் 40 ஜிபிதான் பயன்படுத்தியிருந்தாலும், புதிதாக வாங்கிய 256 ஜிபி எஸ்எஸ்டியில் அது நேரே இறங்காது. எஸ்எஸ்டிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் இமேஜ் எடுப்பதற்கு முன்பே பகிர்வைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பழைய அளவிலேயே எஸ்எஸ்டி வாங்க வேண்டும்.

டைம்ஷிஃப்டை ஆர்சிங்க் முறையில், அதாவது கோப்புகளை நகலெடுத்து வைக்கும் முறையில், வெளி டிஸ்க்குக்கு எடுத்தாலும் முழு பேக்கப்புக்கு அருகே வரலாம். லைவ் யுஎஸ்பியிலிருந்து அதை ஓட்டித் திரும்ப வைக்கும்போது க்ரப்பையும் அதுவே நிறுவும். ஆனால் ஹோமை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், அப்டேட் சரியில்லை என்று பத்து நாள் பின்னே போகும்போது உங்கள் பத்து நாள் கோப்பும் பின்னே போய்விடும்.

இமேஜில் வைஃபை பாஸ்வேர்டு, பயனர் பாஸ்வேர்டுகளின் பதிவு, கஸ்டமர்களின் ஆதார் ஸ்கேன் எல்லாம் சேர்ந்தே இருக்கும். க்ளோன்ஸில்லாவில் இமேஜைக் குறியாக்கம் செய்யும் வாய்ப்பு உண்டு, பயன்படுத்துங்கள். டிஸ்க்கைக் கல்லாப் பெட்டியோடு சேர்த்து வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

கடைசியாக ஒத்திகை. கையில் உள்ள பழைய டிஸ்க் ஒன்றை மாட்டி, அசல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, இமேஜிலிருந்து திரும்ப வைத்துப் பாருங்கள். கணினி எழுகிறதா, உள்நுழைய முடிகிறதா, சூடோ ஓடுகிறதா, பில் மென்பொருள் நேற்றைய கணக்கைக் காட்டுகிறதா, இரண்டு பிரிண்டரிலும் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கடைக்கு வேலை குறைவான ஒரு ஞாயிறு மதியம் இதற்குத் தோதானது.